ஒரு வண்டியின் ஷாக்கை இன்னொன்றில் மாட்டலாமா?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலுள்ள ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு ஆலை இயங்குகிறது. அந்த நிறுவனத்தின் கிளாசிக் 350இல் பின்சக்கரத்தின் இருபுறமும் இரண்டு ஷாக் அப்சார்பர்கள். 2016இல் வந்த ஹிமாலயனில் நடுவே ஒன்றுதான். அந்த ஒற்றை ஷாக்கைக் கிளாசிக்கில் மாட்டினால் என்ன?

நெம்புகோல் விதி குறுக்கே நிற்கும். சக்கரம் 2 மி.மீ. ஏறும்போது ஒற்றை ஷாக் 1 மி.மீ. மட்டும் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷாக் அமுங்கும் தூரம் பாதி. அதன் விசையில் சக்கரத்தை எட்டுவதும் பாதி. ஆகவே சக்கரம் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் கால் பங்குதான். இதை ஈடுகட்டவே ஒற்றை ஷாக்கில் கடினமான ஸ்பிரிங் இருக்கிறது. இரட்டை ஷாக் ஏறக்குறைய சக்கர அச்சுக்கு அருகே நிற்பதால் அங்கே இந்த இழப்பு குறைவு. அதே ஸ்பிரிங் அங்கே முதுகைப் பதம்பார்த்துவிடும்.

இரட்டை ஷாக் வண்டிகளுக்குள் மாற்றும்போதும் நீளத்தைக் கவனிக்க வேண்டும். நீளம் கூடினால் பின்பக்கம் உயரும், முன்ஃபோர்க் நிமிரும். ஹேண்டில்பார் சட்டெனத் திரும்பும், ஆனால் வேகத்தில் வண்டியின் நிதானம் குறையும். நீளம் குறைந்தாலோ பள்ளத்தில் டயர் மட்கார்டில் இடிக்கலாம்.

பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் தொடக்க அமுக்கத்தை, இறுக்கிச் சரிசெய்யலாமா? வழக்கமான ஸ்பிரிங்கில் அது உயரத்தைத்தான் மாற்றும், விறைப்பை அல்ல.