கண்ணாடியைக் கழற்றுவதற்கான விலை

கண்ணும் ஒளியும் – தொடர் கட்டுரை: பகுதி 12

நாற்பது வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்தைக் கண்ணாடியால் சரிசெய்யும் முறைகள், பெஞ்சமின் ஃபிராங்ளின் அணிந்த இருபார்வைக் கண்ணாடி தொடங்கி 1959இல் பிரான்சில் வெளிவந்த, மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் வாரிலக்ஸ் கண்ணாடி வரை, சென்ற பகுதியில் விளக்கப்பட்டன. கண்ணாடியே இல்லாமல் கிட்டத்தையும் தொலைவையும் காண விரும்புவோர்க்குக் காண்டாக்ட் லென்ஸ், லேசர், உள்விழி லென்ஸ் ஆகியன இன்று முதன்மையான வழிகளாக உள்ளன. இவற்றுள் எதுவும் இளமைக் காலத்துப் பார்வையை அப்படியே மீட்டுத் தருவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வசதியைத் தந்து வேறொன்றை வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒருவருக்கு எந்த முறை பொருந்தும் என்பது, அவர் எதை விட்டுக்கொடுக்க உடன்படுகிறார் என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஏன் தவிர்க்க முடியாதது என்பதை அறிய, இழக்கப்படுவது எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, மருத்துவமனைகளில் கருவிழி என்று வழங்கும் முன்புறத் தெளிந்த படலம் செய்கிறது. எஞ்சியதைக் கண்பாவைக்குப் பின்னால் மெல்லிய இழைகளால் தாங்கப்பட்டிருக்கும் வில்லை செய்கிறது. கருவிழியின் வளைவு மாறாதது, வில்லையின் வளைவு மாறக்கூடியது. இம்மாற்றம் வில்லையிலேயே நிகழ்கிறது என்று 1801இல் தாமஸ் யங் சோதனைகளால் காட்டினார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1855இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். வில்லையைச் சுற்றியுள்ள சிலியரி தசை சுருங்கும்போது தாங்கும் இழைகள் தளர்கின்றன, இழுவிசை குறைந்த வில்லை தன் மீள்தன்மையால் உருண்டு திரள்கிறது, அதன் பவர் கூடி அருகிலுள்ள பொருளின் உருவம் விழித்திரையில் தெளிவாக விழுகிறது. இத்திறனே விழி ஏற்பமைவு எனப்படுகிறது.

வயது ஏற ஏற வில்லை இறுகிவிடுவதால், தசை சுருங்கினாலும் அது உருண்டு கொடுப்பதில்லை. பத்து வயதில் ஏறத்தாழ 14 டயாப்டராக இருக்கும் ஏற்பமைவுத் திறன், நாற்பதில் 5 டயாப்டரை ஒட்டி இறங்கி, அறுபதில் 1 டயாப்டருக்கு அருகில் வந்து நிற்கிறது. டயாப்டர் என்பது லென்சின் குவிக்கும் திறனை அளக்கும் அலகு, பேச்சுவழக்கில் பவர் என்று சொல்லப்படுவது அதுவே. கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்த புத்தகத்தைப் படிக்க 2.5 டயாப்டர் தேவை. ஆனால் கையிருப்பில் பாதியளவு ஏற்பமைவையே சோர்வின்றித் தொடர்ந்து பயன்படுத்த இயலும் என்பதால், கையிருப்பு 5 டயாப்டருக்குக் கீழே சரியும் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே எழுத்துகள் மங்கத் தொடங்குகின்றன. இறுகிய வில்லையை மீண்டும் நெகிழவைக்கும் நம்பகமான முறை இன்றுவரை கைகூடவில்லை. எனவே இப்போதுள்ள முறைகள் யாவும் வேறு மூன்று உத்திகளை நம்புகின்றன: வேலையை இரு கண்களுக்கும் பிரித்துக் கொடுப்பது, உள்ளே வரும் ஒளியைப் பல குவியங்களுக்குப் பங்கிடுவது, ஒளி நுழையும் துளையைச் சுருக்குவது.

முதல் உத்தி, காண்டாக்ட் லென்சில் மிக எளிய வடிவில் செயல்படுகிறது. ஒற்றைப்பார்வை முறை எனப்படும் அதில், ஒரு கண்ணுக்குத் தொலைவுக்கான பவரும் மற்றக் கண்ணுக்குக் கிட்டத்துக்கான பவரும் கொடுக்கப்படுகின்றன. இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டுத் தொலைவிலுள்ள பொருளைப் பார்க்கச் சொல்லும்போது, எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுவே முதன்மைக் கண். பொதுவாகத் தொலைவுப் பார்வை அதற்கே ஒதுக்கப்படுகிறது. மங்கலான உருவத்தை மூளை புறக்கணிக்கக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகலாம். சிலருக்கு அப்பழக்கம் கைவருவதேயில்லை. இரு கண்களின் உருவங்களும் ஒருங்கே தெளிவாக இருந்தால்தான் ஆழத்தை நுட்பமாக உணர முடியும் என்பதால், பவர் வேறுபாடு கூடக்கூட அந்த உணர்வு குன்றுகிறது. இரவில் வண்டி ஓட்டுவோர்க்கும், நுண்ணிய கைவேலை செய்வோர்க்கும் அது உறுத்தும். வேறுபாட்டை ஏறத்தாழ 1.5 டயாப்டருக்குள் நிறுத்தினால் பலர் இதைத் தாங்கிக்கொள்கின்றனர்.

இரண்டாம் உத்தியைப் பின்பற்றுவன பல்பார்வைக் காண்டாக்ட் லென்சுகள். செக்கோஸ்லோவாகியாவின் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே, 1961ஆம் ஆண்டின் இறுதியில், குழந்தைகளின் கட்டுமான விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே அமைத்த பொறியில் வார்த்தெடுத்த மென் லென்சுகளின் வழிவந்தவை இவை. வட்டத்துக்குள் வட்டமாக அமைந்த இவற்றின் பகுதிகளில், பெரும்பாலும் நடுப்பகுதி கிட்டத்துக்கும் விளிம்பை நோக்கிய பகுதி தொலைவுக்கும் உரியவை. இரு பகுதிகளும் ஒரே நேரத்தில் கண்பாவையின் முன் நிற்பதால், தெளிந்த உருவத்தின் மீது மங்கலான உருவமும் படிந்தே விழித்திரையை அடைகிறது. எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள நிற வேறுபாடு சற்றே வெளிறித் தெரிவது இதனால்தான். மங்கிய வெளிச்சத்தில் கண்பாவை விரியும்போது இரு பகுதிகளின் விகிதமும் மாறுகிறது. கீழ் இமையில் தங்கி, பார்வை கீழே தாழும்போது மேலே நகர்ந்து படிக்கும் பகுதியைக் கண்பாவைக்கு நேரே கொண்டுவரும் கடின லென்சுகளில் இந்தக் குறை குறைவு, ஆயினும் அவற்றுக்குக் கண் பழக நாளாகும். நடுவயதில் கண்ணீர்ச் சுரப்பு குறைந்து கண் உலர்வது எவ்வகை லென்சுக்கும் இடையூறு. குழாய்த் தண்ணீரில் லென்சைக் கழுவுவது, அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி கருவிழியில் புகுந்து பார்வையையே பறிக்க வழிவிடும். இவ்வளவு குறைகள் இருந்தும் காண்டாக்ட் லென்சுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: ஒவ்வாவிட்டால் கழற்றிவிடலாம்.

லேசர் சிகிச்சையில் அந்த வசதி இல்லை. அதன் வரலாற்றில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசனுக்கு முக்கிய இடம் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் இணைந்து, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரின் புற ஊதாக் கதிர் அக்கம்பக்கத் திசுவைக் கருக்காமல் மேற்பரப்பை நுட்பமாகச் செதுக்குகிறது என்பதை 1981இல் கண்டறிந்தார். விருந்தில் மீந்த வான்கோழியின் திசுவே அந்தச் சோதனைக்குப் பயன்பட்டது. கண் மருத்துவர் ஸ்டீவன் ட்ரோக்கெலுடன் சேர்ந்து கருவிழியில் செய்த ஆய்வு 1983இல் வெளியாயிற்று. கருவிழியில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, அடிப்பகுதியைச் செதுக்கி, மடலை மீண்டும் மூடும் லாசிக் முறை அதன் பின்னர் உருவானது.

லாசிக், கருவிழியின் வளைவை மாற்றுவதால் கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் நேரடித் தீர்வாகிறது; வெள்ளெழுத்தின் காரணமோ வில்லையில் இருக்கிறது. ஆகவே இங்கும் ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கும் அதே உத்தியே பெரும்பாலும் கையாளப்படுகிறது. அதே ஏற்பாட்டைச் சில வாரம் காண்டாக்ட் லென்சில் அணிந்து பார்த்து, மூளை அதை ஏற்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே கருவிழியில் கைவைப்பது அறிவார்ந்த வழக்கம். சிகிச்சைக்குப் பின்னும் வில்லை தொடர்ந்து இறுகுவதால், சில ஆண்டுகளில் படிக்கும் கண்ணாடி மீண்டும் தேவைப்படலாம். பிற்காலத்தில் கண்புரை அறுவைக்குரிய லென்சின் பவரைக் கணிப்பதும், வளைவு மாற்றப்பட்ட கருவிழியில் கடினமாகிறது.

கருவிழிக்குள் சிறு பொருளைப் பதிக்கும் முயற்சிகள் இத்துறைக்கு ஓர் எச்சரிக்கையாக அமைந்தன. 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்ற காம்ரா, 3.8 மில்லிமீட்டர் விட்டமும் நடுவில் 1.6 மில்லிமீட்டர் துளையும் கொண்ட கருநிற வளையம். துளை சிறுத்தால் முன்பின் தொலைவுகள் கூடுதலாகத் தெளிவுபெறும் என்ற ஒளியியல் விதியே, அதாவது மூன்றாம் உத்தியே, அதன் அடிப்படை. 2016இல் ஒப்புதல் பெற்ற ரெயின்டிராப், கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றே மேடாக்கும் மெல்லிய நீர்க்கூழ் வில்லை. பின்தொடர் ஆய்வில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரிடம் கருவிழிப் புகைமூட்டம் காணப்பட்டதையடுத்து, 2018இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஒப்புதல் என்பது குறுகிய காலச் சான்றின் மேல் நிற்பது. கண்ணோ எஞ்சிய வாழ்நாள் முழுமைக்கும் தேவைப்படுவது.

இறுகிய வில்லையையே அகற்றிவிட்டு அதன் இடத்தில் உள்விழி லென்சை வைப்பது, காரணத்தை நேரே அணுகும் முறை. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் சில்லுகள் அழற்சியின்றிக் கிடந்ததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் முதல் உள்விழி லென்சைப் பொருத்தினார். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவ அமைப்பின் பகுதியாகத் தொடங்கிய ஆரோலேப், இவற்றைக் குறைந்த விலையில் தயாரித்ததால், கண்புரை அறுவையுடன் லென்ஸ் பொருத்துவது எளியோர்க்கும் எட்டியது. வழக்கமான ஒருகுவிய லென்ஸ் ஒரே தொலைவுக்குத்தான் தெளிவு தரும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும். பல்குவிய லென்சின் மேற்பரப்பில் நுண்ணிய வட்டப் படிகள் ஒளியைப் பிரிக்கின்றன. அத்தகைய இருகுவிய லென்ஸ் ஒன்றில், வரும் ஒளியில் ஏறத்தாழ 41 விழுக்காடு தொலைவுக்கும் 41 விழுக்காடு கிட்டத்துக்கும் சென்று, எஞ்சியது சிதறி வீணாகிறது. இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும், மங்கிய வெளிச்சத்தில் மாடிப்படிகளின் விளிம்பு பிடிபடாமல் போவதும் இப்பங்கீட்டின் விளைவே. குவியத்தை நீட்டித்துக் காட்டும் லென்சுகளில் ஒளிவட்டம் குறைவு, ஆனால் சிறிய எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படக்கூடும்.

கண்புரை முற்றியவர் எப்படியும் அறுவை செய்துகொள்ள வேண்டியவர் என்பதால், எந்த லென்ஸ் என்ற கேள்வி மட்டுமே அவருக்கு எஞ்சுகிறது. தெளிந்த வில்லையைக் கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக மட்டும் அகற்றும் ஒருவர், மிஞ்சியிருக்கும் ஏற்பமைவை இழப்பதோடு, நோய்த்தொற்று, விழித்திரை விலகல் போன்ற ஆபத்துகளையும் ஏற்கிறார். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவரிடம் விழித்திரை விலகல் ஆபத்து கூடுதல். விழித்திரை நோய், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு, இருக்கும் ஒளியையும் பங்கிடும் பல்குவிய லென்ஸ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

மூன்றாம் உத்தியை அறுவையின்றிக் கையாளும், கண்பாவையைச் சுருக்கும் பைலோகார்பைன் சொட்டு மருந்து, 1.25 விழுக்காட்டுச் செறிவில், 2021 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் பயன் சில மணி நேரமே நீடிக்கும், இருட்டில் பார்வையை அது மங்கச் செய்யும். 2024இல் இந்தியாவில் இதே வகைச் சொட்டு மருந்து ஒன்று, ஒப்புதலை மிஞ்சிய விளம்பரத்தின் காரணமாக, அனுமதி பெற்ற சில வாரங்களிலேயே இடைநிறுத்தப்பட்டது.

இந்த முறைகளை எடைபோட ஓர் அளவுகோல் அசாமிலிருந்து கிடைத்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வெறும் படிக்கும் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித் திறன், பெறாதவர்களைக் காட்டிலும் 21.7 விழுக்காடு உயர்ந்தது. மலிவான கண்ணாடியே இந்த அளவு செய்யும்போது, அதைத் தாண்டிய முறைகள் இன்றியமையாத தேவைக்கு உரியனவாக இல்லாமல் வசதிக்கு உரியனவாகவே பெரும்பாலும் அமைகின்றன. வசதிக்காகச் செய்வதில், திரும்பப் பெறக்கூடியதை முதலில் முயல்வதும், திரும்பப் பெற முடியாததைக் கடைசிக்குத் தள்ளுவதும் முறை. இரவில் லாரி ஓட்டுபவர், அச்சுப் பிழை திருத்துபவர், மேடையில் பாடுபவர் ஆகிய மூவரும் ஒரே வயதினராக இருந்தாலும் மூவருக்கும் ஒரே விடை இல்லை. மருத்துவரிடம் செல்பவர் தம் கண்ணின் பவரோடு தம் நாளின் வேலைகளையும், அவை நடக்கும் வெளிச்சத்தையும், தொலைவையும் எடுத்துச் சொல்வது, எந்தக் கருவியின் அளவீட்டுக்கும் குறையாத மதிப்புள்ள தகவலாகும்.

(அடுத்த பகுதி: கண்புரை அறுவையின் வரலாறு)