காடி எப்போது கொதிக்கிறது?

"காடி சூடாகுது" என்று ஒருவர் பட்டறைக்குள் நுழைந்தால், விஷயம் தெரிந்த போமன் உடனே பானெட்டைத் திறப்பதில்லை. "எப்போ சூடாகுது?" என்று கேட்பார். ஜோங்கர் சாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போதா, ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் விரட்டிப் போகும்போதா? அந்தப் பதிலிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும். மலாக்காவில் பழைய மோரிஸ் மைனரையும் முதல் தலைமுறை சாகாவையும் இன்னும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் பலர், இந்தக் கேள்விக்கே இடம் கொடுக்காமல் ரேடியேட்டரை மாற்றுகிறார்கள், பிறகு வாட்டர் பம்ப்பை மாற்றுகிறார்கள். பணம் போகிறது, சூடு போவதில்லை.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது தீச்சுவாலையின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பழைய எஞ்சின்களில் அந்த ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் காடியை நகர்த்துகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடு வெளியே போகிறது. இன்னொரு பெரும்பகுதி இரும்பில் இறங்குகிறது. அதை அள்ளிக்கொண்டு போவதுதான் தண்ணீரின் வேலை. இரும்பிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து காற்றுக்கு என்று வெப்பம் இரண்டு முறை கை மாறுகிறது. எந்தக் கை தவறுகிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

மாசிமகத்தன்று செங் சந்நியாசிமலை கோயிலுக்குப் போகும் வரிசையில் காடி நின்று நின்று நகரும்போது முள் ஏறி, நெடுஞ்சாலைக்கு வந்ததும் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் சரியாகத்தான் ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை. ஓடும் காடிக்குக் காற்று தானாக வரும், நிற்கும் காடிக்கு விசிறிதான் கதி. மோரிஸ் மைனரில் விசிறியை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். பெல்ட் தளர்ந்திருந்தால் அதுவும் இல்லை. 1985 ஜூலையில் வெளிவந்த சாகாவில் இருப்பதோ மின்விசிறி. அதற்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. பழுது சுவிட்சிலோ, ரிலேயிலோ, ஃபியூஸிலோ, கம்பியிலோ இருக்கிறது. சில ரிங்கிட்டில் முடிகிற வேலைக்குப் புது ரேடியேட்டர் எதற்கு?

வேகமாகப் போகும்போது மட்டும் சூடேறினால் கதையே வேறு. காற்று தாராளமாக இருந்தும் கொதிக்கிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் தடை. ரேடியேட்டர் குழாய்கள் துருவால் அடைத்திருக்கலாம், பம்ப்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். தீப்பொறி நேரம் பின்தங்கியிருந்தாலும் பெட்ரோல் தாமதமாக எரிந்து வெப்பம் கூடும். பலர் பார்க்கத் தவறுவது கீழ் ஹோஸை. ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வழி அது. ரப்பர் தளர்ந்து, உள்ளே இருக்கும் சுருள்கம்பியும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டால், எஞ்சின் வேகமெடுக்கும்போது உறிஞ்சும் விசையில் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்ததும் பழையபடி விரிந்துவிடும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் குறையே தெரியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து எண்ணெய் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் 1896இல் போட்டது இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். அடுத்து புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய தோட்டம் எழுந்தது. மேற்கே மோட்டார் காடிகள் பெருகப் பெருக டயருக்கும் ஹோஸுக்கும் ரப்பர் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் நம் பாட்டன் பாட்டிகளைக் கப்பலேற்றி இந்த மண்ணுக்குக் கொண்டுவந்து பால்மரம் வெட்ட வைத்தது. தோட்டத்தில் பிறந்த நம் பிள்ளைகள் இன்று அந்தக் காடிகளையே பிரித்துப் பூட்டுகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அதனாலேயே ஒரு பழக்கத்தை உரிமையோடு கண்டிக்க விரும்புகிறேன். "இங்கே குளிர் ஏது? தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று அதைக் கழற்றி எறிவது தவறு. அந்தச் சிறிய வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. 82 டிகிரி அளவில் மெழுகு உருகிப் பருக்கும்போது ஒரு தண்டு நகர்ந்து வழி திறக்கிறது. அதுவரை மூடியிருப்பதால்தான் எஞ்சின் சீக்கிரம் தன் வெப்பநிலைக்கு வருகிறது. வராத எஞ்சினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயைக் கழுவும், சுவர் தேயும். மலாக்காவின் 32 டிகிரி வெயில் நமக்கு அனல். 82 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய இரும்புக்கு அது குளிர்தான். கழற்றியதும் சூடு தணிந்தது என்றால் பழைய வால்வு பாதியில் சிக்கியிருந்தது என்று பொருள். புதிதாக வாங்கி, பூட்டுவதற்கு முன் அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியை வைத்துத் திறக்கும் அளவைப் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியும் மலிவான பொருள்தான், ஆனால் பெரிய வேலை செய்கிறது. உள்ளே 7 பவுண்டு அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 111 டிகிரி வரை தாங்கும். பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுவே. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 11 டிகிரி பாதுகாப்பு போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் இறங்கி, தண்ணீர் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும்.

கூலண்ட் வேண்டுமா என்று கேட்பார்கள். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரை எந்தக் கலவையும் மிஞ்சாது. ஆனால் வெறும் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அந்தத் துரு சேறாகி எஞ்சினின் உள்வழிகளில் தங்கும். உறைபனி இல்லாத ஊரிலும் துருத்தடுப்பு மருந்து தேவை. கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்புகள் படிந்து குழாய்களை அடைக்கும்.

இப்போது பல பட்டறைகளில் துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறது. ரேடியேட்டர் முழுவதும் அதை நகர்த்திப் பார்த்தால், நடுவில் குளிர்ந்த திட்டு தென்படும் இடம் அடைப்பு. பளபளக்கும் உலோகத்தில் மட்டும் அது குறைவாகக் காட்டும். மங்கலான கறுப்பு பெயிண்ட்டைப் புள்ளியளவு பூசி அதில் அளக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் எஞ்சினின் அடிப்பகுதிக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் மஞ்சளானால், எரிந்த வாயு தண்ணீருக்குள் கலக்கிறது என்பது உறுதி. மோரிஸ் மைனரில் அடிப்பகுதியும் தலையும் இரண்டுமே வார்ப்பிரும்பு, கொஞ்சம் பொறுக்கும். சாகாவில் அடி இரும்பு, தலை அலுமினியம். அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரிவதால் அதிகச் சூட்டில் தலை வளைந்து கேஸ்கட் கிழிகிறது. முள் சிவப்பைத் தொட்ட பிறகு "ஆயர் குரோ டோல் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டாதீர்கள். தலை வளைவது அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரில்தான். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, இழுவை லோரிக்குக் கூப்பிடுங்கள்.