வாரம் இரண்டு நாள் தெருவில் பாடம்

எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் முதுகலை சமூகப்பணிப் படிப்பில் சேர்பவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள் வகுப்பே கிடையாது. அந்த இரண்டு நாளும் களப்பணி. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகள், மீனவர் குப்பங்கள், மலைக் கிராமங்கள் என்று எங்காவது போய் மக்களோடு இருந்துவிட்டு வர வேண்டும். அன்று யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், எதில் தடுமாறினோம் என்பதைக் களப்பணிப் பதிவேட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

இந்தப் படிப்பில் ஒரு பாடம் சமுதாய அமைப்பாக்கம். ஆளுக்கொரு குறையோடு சிதறிக் கிடக்கும் மக்களை ஒரு தேவையின் பேரில் கூட்டி, அவர்களுக்குள்ளேயே பொறுப்பெடுப்பவர்களை வளர்த்து, உரிய அதிகாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எப்படி என்று சொல்லித்தருவது அது. சட்டத்தையும் அரசின் கொள்கையையும் மாற்றக் கோரி வாதாடும் கலையும் இதோடு சேர்ந்தே வருகிறது. கல்லூரி வழக்கில் அதற்குப் பெயர் அட்வகசி.

இதையெல்லாம் காசு கட்டிப் படிக்க வேண்டுமா, குழாயடிச் சண்டையைத் தீர்த்துவைக்கும் அக்கா எந்தப் பட்டம் வாங்கினார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த அக்காவுக்குத் தன் தெருவை நன்றாகத் தெரியும். முன்பின் தெரியாத தெருவில் நுழைந்து, அங்கே இருக்கும் அப்படிப்பட்ட அக்காவை அடையாளம் கண்டு, அவருக்குத் துணையாக நிற்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பு.

இந்தியாவில் இது பிறந்ததே ஒரு குடியிருப்புக்குள்தான். கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் 1926-இல் பம்பாயின் நாக்பாடா பகுதியில், தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே ஒரு சமுதாய இல்லத்தைத் தொடங்கினார். பத்து ஆண்டு கழித்து, 1936-இல், டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு நாட்டின் முதல் சமூகப்பணிக் கல்லூரி அங்கேயே உருவானது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரியை நிறுவினார்.

பாடநூல்களில் தவறாமல் வரும் இன்னொரு பெயர் சால் அலின்ஸ்கி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1939-இல் அந்நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளை ஒட்டிய பகுதியில் வேலையைத் தொடங்கினார். போலந்துக்காரர், லிதுவேனியர், ஐரிஷ்காரர் என ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித் தேவாலயம், தனிப் பகை. தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மன்றத்தில் உட்கார வைத்தார்கள் அவரும் அவருடைய நண்பர்களும். மக்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய ஒன்றை வெளியாள் செய்து கொடுக்கக் கூடாது என்பதில் அலின்ஸ்கி கறாராக இருந்தார். மாணவர்களுக்கு மிகவும் சிரமமாக இருப்பதும் இதுதான். படித்த பிள்ளை மனுவை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். எழுதாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை வரைபடம் போடும் நாளில் பார்க்கலாம். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் பரப்பிய, மக்கள் பங்கேற்கும் ஆய்வு முறை இது. ஊர்ப் பொதுவிடத்தைப் பெருக்கி, கோலமாவு, செங்கல் தூள், புளியங்கொட்டை, இலை என்று கைக்குக் கிடைத்ததை வைத்து ஊர்க்காரர்களே தரையில் ஊரை வரைகிறார்கள். ஆண்கள் போடும் படம் பெரும்பாலும் கோயில், டீக்கடை, பஞ்சாயத்து அலுவலகம் என்று ஆரம்பிக்கும். பெண்கள் போட்டால் அடிபம்பு, ரேஷன் கடை, இரவில் விளக்கில்லாத சந்து முதலில் வந்துவிடும். கோடு கோணினால் மாணவர் கை நீட்டக் கூடாது. கோலமாவுக் கிண்ணம் ஊர்க்காரர் கையில்தான் இருக்க வேண்டும்.

படத்தில் வந்த குறையை எங்கே கொண்டுபோவது? திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்க வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட வைக்கலாம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும்.

அந்தச் சட்டமே அமைப்பாக்கத்தின் விளைச்சல்தான். ஐ.ஏ.எஸ். பதவியை 1975-இல் விட்ட அருணா ராயும் தோழர்களும் 1990-இல் ராஜஸ்தானில் ஒரு தொழிலாளர், விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அரசு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டால், நீங்கள் வேலையே செய்யவில்லை, பதிவேட்டைப் பாருங்கள் என்பார்கள் அதிகாரிகள். பதிவேட்டைக் கேட்டால் அது ரகசியம். 1994-இல் மக்கள் விசாரணை என்ற பெயரில் ஊர் ஊராகப் பந்தல் போட்டு, கைக்குக் கிடைத்த கணக்குகளை உரக்க வாசித்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் எழுந்து, அந்த வேலைக்குத் தாங்கள் போகவே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு சட்டம் இயற்றியது என்றாலும், நாடு முழுவதற்குமான வலுவான சட்டம் 2005-இல்தான் வந்தது. கூலிக் கணக்கில் ஆரம்பித்த கேள்வி நாடாளுமன்றம்வரை போனது எப்படி என்பதை எந்தச் சமூகப்பணி மாணவரும் படிக்காமல் விடக் கூடாது.

படித்து முடித்தவர்கள் தொண்டு நிறுவனங்கள், மகளிர் திட்டம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று போகிறார்கள். பல இடங்களில் ஒப்பந்த வேலை, குறைந்த சம்பளம். அதனால்தான் இதே படிப்பில் மனிதவளப் பிரிவைத் தேர்ந்தெடுத்துக் கம்பெனி வேலைக்குப் போகும் மாணவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக் கடன் யாருக்கும் காத்திருக்காது. ஆனால் களப்பணியைப் பதிவேடு நிரப்பும் சடங்காக்கிவிடும் கல்லூரிகளைக் குறை சொல்லத்தான் வேண்டும். ஆண்டுக்கு ஒரு இடம் மாறி, யார் வந்தார்கள் போனார்கள் என்றே ஊருக்குத் தெரியாமல் போவதில் பயனில்லை. ஒரே குடியிருப்புக்குப் பல ஆண்டு தொடர்ந்து மாணவர்களை அனுப்பினால், முந்தைய அணி தொடங்கிவைத்த சங்கம் இன்னும் கூடுகிறதா, மனுவைத் தானே எழுதுகிறதா என்று அடுத்த அணி போய்ப் பார்க்க முடியும். பதிவேட்டோடு அதற்கும் சேர்த்து மதிப்பெண் போடலாம்.