கணிப்பொறி மாறினால் நாட்குறிப்பு மாறலாமா?

ஒரு சங்கத்தின் நாணயம் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இல்லை. குறித்த தேதியைக் குறித்தபடி காப்பதிலும் இருக்கிறது. நூல் வினியோகம், பயிர்க் கடன் தவணை, பொதுப்பேரவைக் கூட்டம் ஆகியவற்றின் தேதிகளை இன்று கணிப்பொறியிலேயே குறித்து வைக்கிறோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றதால், பழைய இயந்திரத்தை மாற்றும் அவசியம் பலருக்கு நேர்ந்துள்ளது. மாற்றியபின் கைப்பேசியில் ஒன்றும் கணிப்பொறியில் வேறொன்றும் தெரிவதுண்டு. ஒரே கூட்டம் இருமுறை தோன்றுவதும் உண்டு. தவணைத் தேதி தவறினால், குறித்த நாளில் செலுத்துவோர்க்குரிய வட்டிச் சலுகை கைநழுவும். ஆகையால் இவ்விஷயத்தை விளக்க விரும்புகிறோம்.

நாட்குறிப்பு இருவகையில் இருக்கலாம். கூகுள் போன்ற நிறுவனத்தின் இணையக் கணக்கில் இருப்பது ஒருவகை. அது சங்கத்தின் பேரேட்டுக்கு ஒப்பானது. கணிப்பொறியும் கைப்பேசியும் அதனோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளும் பாஸ் புத்தகங்கள் போன்றவை. கணிப்பொறிக்குள் மட்டும் இருப்பது மற்றொரு வகை. அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பில் உள்ள நாட்குறிப்பு இத்தகையது. அக்கோப்பைப் புதிய இயந்திரத்தில் திறந்தால் பழைய தேதிகள் தெரியும். ஆனால் அவை தாமாகக் கைப்பேசிக்குச் செல்லமாட்டா. வந்து சேர்ந்தது நகலே அன்றிப் பேரேட்டின் தொடர்பு அன்று. முன்பே இணையக் கணக்கில் உள்ளவற்றின் நகலை மீண்டும் அங்கே ஏற்றினாலோ, குறிப்புகள் இரட்டிக்கக்கூடும்.

இதற்குப் பரிகாரம் வருமாறு:

முதலாவது, இரட்டித்தவற்றை அவசரப்பட்டு அழிக்கலாகாது. இணைப்பில் உள்ள ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். முதலில் ஐ.சி.எஸ். கோப்பாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கூகுளில் அழித்தவை சுமார் 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, இணையக் கணக்கை உலாவியில் நேராகத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தேதிகள் சரியாக இருந்தால், புதிய கணிப்பொறியில் உள்ள நகலை நீக்கி, கணக்கை மட்டும் இணைத்தால் போதும்.

மூன்றாவது, அங்கே தேதிகள் இல்லையெனில், அக்கணக்கில் புதிதாக வெற்று நாட்குறிப்பு ஒன்று தொடங்கி, ஐ.சி.எஸ். கோப்பை ஒரே முறை அதில் ஏற்ற வேண்டும். பிழை நேர்ந்தால் அப்புதிய நாட்குறிப்பை மட்டும் நீக்கிவிடலாம், மற்றவை கெடா.

நான்காவது, கணிப்பொறியின் நேர மண்டலத்தைக் கவனிக்க வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. மண்டலம் தவறாக உலகப் பொது நேரத்தில் இருந்தால், காலை 10 மணிக் கூட்டம் 4.30 எனத் தெரியும். அப்போது ஒவ்வொரு குறிப்பையும் கையால் திருத்துதல் கூடாது; மண்டலத்தைச் சரிசெய்ததும் திருத்தியவை யாவும் தவறாகிவிடும்.

இறுதியாக, கணிப்பொறியில் ஒரு சோதனைக் குறிப்பு எழுதி அது கைப்பேசியில் வருகிறதா எனவும், கைப்பேசியில் எழுதியது கணிப்பொறிக்கு வருகிறதா எனவும் பார்க்க வேண்டும். இரண்டும் சரியான பின்னரே பழைய இயந்திரத்தை அப்புறப்படுத்தலாம். அதுவரை முக்கியத் தேதிகளைக் காகிதத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பது நலம். பேரேடு ஒன்றே இருத்தல் வேண்டும் என்னும் கூட்டுறவு வழக்கம் நாட்குறிப்புக்கும் பொருந்தும் என்பதை அங்கத்தினர் அனைவரும் மனத்திற் கொள்வார்களாக.