மைசூரில் தொழில் தொடங்கியவர்கள்

1941-இல் மைசூரிலிருந்து ‘இண்டியன் தாட்’ என்ற ஆங்கில இதழ் ஒன்று வெளிவரத் தொடங்கியது. நடத்தியவர் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மனைவி ராஜத்தை டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். வளர்க்க ஒரு சின்னப் பெண் குழந்தை. உலகப் போரினால் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. சென்னையில் கார் விற்பனையில் இருந்த அவருடைய மாமா, அந்த நகரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைப் பிடித்துக் கொடுத்தார். அப்படியும் ஓராண்டு தாண்டவில்லை, இதழ் நின்றுபோனது.

இன்று அதே ஊரில் தொழில் தொடங்கும் இளைஞருக்கு மாமாவைத் தேடும் அவசியம் இல்லை. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் 2016 ஜனவரி 16-இல் தொடங்கியது. கர்நாடக அரசின் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. பெங்களூருக்கு வெளியே தொழில் வளர வேண்டும் என்று அரசே தனித் திட்டம் போட்டிருக்கிறது. உணவுப் பொருள் செய்ய நினைப்பவருக்கு, மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) ஆய்வக வசதியும் வழிகாட்டுதலும் தருகிறது. கம்பெனிப் பதிவை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். நொடித்தால் வீட்டு நகை அடகுக்குப் போகும் என்ற பயம் பலருக்குக் குறைந்திருக்கிறது. இது சிறிய லாபம் இல்லை. அன்று எத்தனையோ பேர் அந்தப் பயத்திலேயே குமாஸ்தா வேலையோடு நின்றுவிட்டார்கள்.

அன்று இருந்து இன்று அருகிப்போனது வேறொன்று. சந்தா அப்போது மணியார்டரில் வரும். அதன் துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதவும் இடம் இருக்கும். முன்பின் அறியாத ஒருவர் தன் காசை அனுப்பி, கூடவே ஒரு வார்த்தையும் எழுதியிருப்பார். தொடங்கியவர் மறுநாள் எழுந்து வேலைக்கு உட்கார அது போதும். 1948-இல் மைசூரில் ஊதுவத்தித் தொழிலில் இறங்கிய என். ரங்கராவைப் பற்றி அவர் குடும்பத்தார் சொல்வதும் இந்த வகைதான்: பாட்டியின் துணையோடு வீட்டிலேயே வத்தி உருட்டுவது, அதை விற்ற காசில் மறுநாளுக்குச் சரக்கு வாங்குவது. விற்காத நாள் உடனே தெரியும்; விற்ற நாளும் உடனே தெரியும். அவர் தொடங்கிய ‘சைக்கிள்’ ஊதுவத்தித் தொழிலை இன்று அவருடைய பேரப்பிள்ளைகளின் தலைமுறை நடத்துகிறது.

இன்றைய தொடக்கக்காரருக்கு அந்தத் தகவல் தாமதமாக வருகிறது. முதல் பாராட்டு தேர்வுக் குழுவிடமிருந்து, இரண்டாவது முதலீட்டாளரிடமிருந்து. வாங்குகிறவர் மூன்றாவதாகத்தான் வருகிறார். சில சமயம் வருவதே இல்லை. கையில் பணம் இருந்தும் பதினெட்டாம் மாதத்தில் ஒருவர் சோர்ந்துபோவதற்கு, சோம்பலைவிட இந்த வெறுமையே காரணம் என்று நினைக்கிறேன். பணம் மாதங்களைக் கடத்தும். இது யாருக்கோ வேண்டியிருக்கிறது என்ற நம்பிக்கையை அதனால் தர முடியாது.

அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவில் நிற்பவர் நாராயண மூர்த்தி. மைசூர் என்.ஐ.இ. கல்லூரியில் படித்தவர். 1981-இல் மனைவி தந்த 10,000 ரூபாயில் நண்பர்களோடு இன்ஃபோசிஸ் தொடங்கியபோது, டெலிபோன் இணைப்புக்கே ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தார்கள். 1990-இல் பத்து லட்சம் டாலருக்கு நிறுவனத்தைக் கேட்டு ஆள் வந்தது. நண்பர்கள் விற்றுவிடலாம் என்றபோது, உங்கள் பங்குகளை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார் மூர்த்தி. கடைசியில் யாரும் விற்கவில்லை. அதே மைசூரில் 300 ஏக்கருக்கு மேல் பரந்த பயிற்சி வளாகம் இன்று அந்த நிறுவனத்துக்கு இருக்கிறது.

ஆர்.கே. நாராயணும் இதழோடு நிற்கவில்லை. போரினால் இங்கிலாந்துப் பதிப்பாளர்களின் தொடர்பு அறுந்தபோது, நின்றுபோன இதழின் பெயரிலேயே பதிப்பகம் தொடங்கினார். அவருடைய ‘மால்குடி டேஸ்’ சிறுகதைத் தொகுப்பு அதன் வெளியீடாகத்தான் முதலில் வந்தது. அந்தப் பதிப்பகம் அவருக்குப் பின்பும் குடும்பத்தார் கையில் தொடர்ந்தது.

மானியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திட்ட அறிக்கையோடு, காசு கொடுத்து வாங்கிய பத்துப் பேர் எழுதியதையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.