மானாவாரி மணிலா: எந்தப் பட்டம் சிறந்தது?

மண்டகப்பட்டு, செஞ்சி வட்டாரத்தில் மழையை நம்பி மணிலா போடுபவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரே கேள்விதான். ஆனிக் கடைசியா, ஆடி முற்பாதியா, ஆடிப் பிற்பாதியா, ஆவணி முற்பாதியா? சென்ற ஆண்டு பக்கத்துக் கொல்லையில் ஆடி முற்பாதி விதைப்பு நன்றாகக் காய்த்தது என்றால், இந்த ஆண்டு பலரும் அதையே பின்பற்றுவார்கள். விதைக்குப் போடும் பணம் கொஞ்சமா? ஆனால் அந்த விளைச்சல் பட்டத்தால் வந்ததா, விழுது இறங்கும் சமயத்தில் தற்செயலாகப் பெய்த மழையால் வந்ததா என்பதை ஒரே ஆண்டைக் கொண்டு சொல்ல முடியாது.

இதற்குப் புள்ளியியலில் வழி உண்டு. 1954-ல் அமெரிக்க அறிஞர் பெக்ஹோஃபர் வகுத்த முறைப்படி, சோதனைக்கு முன்பே இரண்டைத் தீர்மானிக்க வேண்டும். எத்தனை மூட்டை வித்தியாசத்தைப் பொருட்படுத்துவது? நூற்றுக்கு எத்தனை தடவை தேர்வு சரியாக இருக்க வேண்டும்? விளைச்சலின் திட்ட விலக்கம், அதாவது ஆண்டுக்காண்டு காணும் ஏற்ற இறக்கம், ஏக்கருக்கு 2 மூட்டை என்று கொள்ளலாம். நான்கு பட்டங்களில் மற்றவற்றைவிட 2 மூட்டை கூடுதலாகத் தருவதை நூற்றுக்கு 95 தடவை சரியாகக் கண்டுபிடிக்க, ஒவ்வொன்றையும் 9 பருவம் சோதிக்க வேண்டும். 1 மூட்டை வித்தியாசத்தையும் விடக்கூடாது என்றால் 35 பருவம்! ஒரு தலைமுறையே போய்விடும்.

இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. 1989-ல் முதலில் வெளியான டி.எஸ்.எஸ்.ஏ.டி. போன்ற பயிர்க் கணிப்புத் தொகுப்புகளில் மண், ரகம், அன்றாட மழை, வெப்பம், வெயில் விவரங்களைக் கொடுத்தால் விளைச்சலைக் கணக்கிட்டுத் தரும். பல ஆண்டு வானிலைக் குறிப்பு கையில் இருந்தால் நான்கு பட்டங்களையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் நான்கிற்கும் அதே ஆண்டுகளின் மழையையே கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு நல்ல மழை ஆண்டும் மற்றொன்றுக்கு வறட்சி ஆண்டும் கொடுத்து ஒப்பிடுவது, வெவ்வேறு தராசில் நிறுத்து விலை பேசுவது போலாகும். ஒரே மழையைக் கொடுத்தால் பொதுவாகக் குறைந்த ஓட்டங்களிலேயே வித்தியாசம் புலப்படும்.

ஏற்ற இறக்கம் எல்லாப் பட்டத்துக்கும் ஒன்றாக இராது. அதற்கான இரண்டு கட்ட முறையை துதேவிச், தலால் இருவரும் 1975-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் 'சாங்க்யா' இதழில் வெளியிட்டனர். முதலில் எல்லாவற்றுக்கும் சில ஓட்டங்கள்; பிறகு அதிகம் ஆட்டம் காணும் பட்டத்துக்குக் கூடுதல் ஓட்டங்கள்.

விவசாயிக்கு இன்னும் ஏற்றது, இந்தியாவில் பிறந்த சாந்தி குப்தா 1956-ல் காட்டிய வழி. ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல், தேறாதவற்றைக் கழித்துவிட்டு, சிறந்தது உள்ளே இருக்கும் என்று நம்பத்தக்க சிலவற்றை வைத்துக்கொள்வது அது. இரண்டு பட்டங்கள் மிஞ்சினால், களை எடுக்க ஆள் கிடைக்கும் நாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கம்ப்யூட்டர் சொல்வது அதன் கணக்குக்குள் சிறந்தது மட்டுமே. சிவப்புக் கம்பளிப் புழுவும் காட்டுப் பன்றியும் தாமாக அதன் கணக்கில் வருவதில்லை. ஆகவே தேறிய பட்டங்களைக் கொல்லையில் பக்கம் பக்கமாகச் சில சென்ட் விதைத்து, காய்ந்த காயை எடைபோட்டு, மழை அளவுடன் ஆண்டுதோறும் நோட்டில் குறித்து வரலாம்.