குழாயை மூடும் அதிகாரம் யாருக்கு?

"10-ம் தேதிக்குள் மெயின்டனன்ஸ் கட்டாத வீடுகளுக்குத் தண்ணீர் நிறுத்தப்படும். இப்படிக்கு, செயலாளர்." அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நோட்டீஸ் போர்டில் இப்படி ஒரு தாள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பொதுக்குழுவில் முடிவானது, தீர்மான எண் என்ன, பைலாவில் எந்தப் பிரிவு என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. கையெழுத்து மட்டும் இருக்கும். வெறும் கையெழுத்து விதியாகிவிடாது.

தமிழ்நாட்டில் குடியிருப்போர் சங்கங்கள் பலவும் 1975-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அப்படிப்பட்ட சங்கம் பைலாவைத் திருத்த வேண்டுமானால், உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்துச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும். பிறகு அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் விழும் கட்டைவிரல்கள் வாக்குகள் அல்ல.

பெரும்பான்மை இருந்தாலும் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. நாய், பூனை வளர்க்கவே கூடாது என்று சங்கம் தடை போட முடியாது. அவற்றை லிஃப்டில் அழைத்துச் செல்வதையும் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சில இடங்களில் எழுதி ஒட்டுகிறார்கள். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர்க் கேனோடு படியேறும் ஒருவரைத் தினமும் பார்த்துக்கொண்டே அந்த விதிக்குக் கை தூக்குவது வெட்கக்கேடு. பொதுக்குழுவில் யாராவது ஒருவர் எழுந்து அதை எதிர்த்தே ஆக வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பாக்கியை வசூலிக்க சங்கத்துக்கு வழி இருக்கிறது: எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் நீதிமன்றம் போகலாம். குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டின் வால்வை மூடுவது வசூல் முறையே அல்ல. உரிமையாளர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. வீட்டு உரிமையாளரோ சொத்து மேலாளரோ அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

அதற்காக மெயின்டனன்ஸ் கட்டாமல் இருப்பது உரிமைப் போராட்டம் ஆகாது. ஒருவர் கட்டாவிட்டால் காவலாளியின் சம்பளமும் மோட்டார் ரிப்பேரும் மற்றவர்கள் தலையில்தான் விழும். தொகை தவறென்று தோன்றினால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ரசீதை விடாதீர்கள்.

பிரச்சினை வந்தால் வாய்ச்சண்டை வேண்டாம். பைலா நகல், தீர்மான நகல், தணிக்கை செய்த கணக்கு மூன்றையும் எழுதிக் கேட்டு, கடிதம் கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து விண்ணப்பித்து மாவட்டப் பதிவாளரை விசாரிக்கக் கோரலாம். வழக்குக்கு முன் சமரசம் பேச மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம். உதவி எண் 15100.

உங்கள் சங்கத்தின் பைலா நகல் வீட்டில் இல்லையென்றால், இந்த வாரமே எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த பொதுக்குழுவுக்குத் தவறாமல் போங்கள்.